பத்து கிராம் எடைக்கல்

வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு ஆல்பர்ட் அண்ணாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவர் ஏழு மணிக்கு முன்னால் யாரையும் கூப்பிடமாட்டார். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். பேசியது அவர் மனைவி மார்த்தாள் அக்கா.

“வித்யாம்மா, டீ போட்டுக்கினு வந்து எழுப்பறேன், எழுந்துக்கல. கை ஜில்லுன்னு கீது. டாக்டர் வந்து பாத்துட்டாரு. தூக்கத்துலயே போய்ட்டாருன்னு சொல்றாரு.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அக்காதான் மேலே பேசினார். “ஆபீஸ்ல சொல்லிடும்மா. அந்த மிசின ஆஃப் பண்ணக்கூடாதாம். சாப்புடும்போது ரெண்டு தபா சொன்னாரு. எனக்கு இன்னா தெரியும், நீயே பாத்துக்க.”

அன்றைக்கு எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அந்த மிஷின்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. பூட்டிய அறையில், மேசைமேல், சிவப்பு எண்களில் பூச்சியம் காட்டிக்கொண்டு அது அவருக்காகக் காத்திருந்தது.

உத்திரமேரூரைத் தாண்டி, ஒரு சிறு குன்றை முதுகுக்கு வைத்துக்கொண்டு எங்கள் துப்பாக்கி சுடும் கழகம் இருக்கிறது. போட்டிக்குப் பழகுகிற நாற்பது பேர் உறுப்பினர்கள். அவர்கள் சுட்டுப்போட்ட தோட்டாக் கூடுகளைக் கழுவி, மறுபடி வெடிமருந்து நிரப்பி, புதுத் தோட்டாவாக்கித் தருவது ஆல்பர்ட் அண்ணாவின் வேலை. மருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று பதிவேடு எழுதுவது என் வேலை. மருந்தைத் தொட உரிமம் பெற்றவர் கழகத்தில் அவர் ஒருவர்தான்.

காவாந்தண்டலத்துக்காரர். அப்பா சாமுவேலும் அம்மாவும் ஊரார் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்து, வடக்கே ஓர் ஆயுதக் கிடங்கில் பதினேழு வருஷம் இருந்தார். திரும்பி வந்து பணம் ஏற்றும் வண்டிக்குக் காவலாக ஒன்பது வருஷம். “ஒம்போது வருஷம் துப்பாக்கியத் தூக்கிக்கினு நின்னேன். ஒரு தபா கூட சுடல. அதான் நல்ல உத்தியோகம்” என்பார். எங்களிடம் வந்து எட்டு வருஷம் ஆகிறது.

அவர் கையால் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு மிஷின் எதற்கு என்று தோன்றலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறிய தராசு. நாற்பது கிரெய்ன் மருந்து வேண்டுமென்றால் முதலில் கரண்டியால் முப்பத்தொன்பதுக்கு மேலே போடுவார். பிறகு ஒரு மெல்லிய குழாயை இரண்டு விரலால் உருட்டுவார். மருந்து கடுகைவிடச் சின்னச் சின்ன மணிகளாக ஒவ்வொன்றாகத் தட்டில் விழும். முள் நடுக்கோட்டில் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். ஒரு தோட்டாவுக்கு ஒரு நிமிஷம். மருந்து போடாத கூடுகள் மரக்கட்டையில் தலைகீழாக நிற்கும். போட்டது நிமிர்ந்து நிற்கும். ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்துவிடக் கூடாது என்பதற்கு அந்த ஏற்பாடு. அப்புறமும் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பார்.

ஆனால் மிஷின் வேண்டும் என்று முதலில் கேட்டதே அவர்தான். இடது கண்ணில் புரை விழுந்திருந்தது. டிசம்பர் மாநிலப் போட்டி முடிந்ததும் ஆபரேஷன் என்று தள்ளிப்போட்டிருந்தார். அந்தப் போட்டிக்கு ஆயிரத்தைந்நூறு தோட்டா வேண்டும்.

“கண்ணு அவியுது சார். மிசினு வந்தா அது அளக்கட்டும், நான் பாத்துக்கினு இருக்கறேன்” என்று செயலாளர் ராஜாராமன் சாரிடம் சொன்னார்.

ராஜாராமன் சார் கூரத்துக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதையும் எழுத்தில் கேட்பார். “சரி ஆல்பர்ட். மூணு மிஷின் வரவழைக்கிறேன். மூணையும் பரீட்சை வச்சுப் பார்த்து, எது வேணும்னு நீங்களே எழுதிக் குடுங்க. ஏன்னு காரணமும் எழுதணும்.”

“நான் பத்தாவதே மூணாவது தபாதான் சார் பாஸு. நானா பரீட்சை வெக்கறது?”

“அதனாலதான். பரீட்சைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்.”

சென்னையிலிருந்த ஒரு விற்பனையாளர் மூன்று மிஷின்களைப் பார்வைக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார். வேறு வேறு கம்பெனி, ஆனால் எல்லாம் ஒரே மாதிரிதான். மேலே மருந்து கொட்டுகிற குடுவை, நடுவே மோட்டாரில் சுழலும் குழாய், கீழே மின் தராசு. எடையை விரலால் அழுத்திச் சொன்னால் போதும். குழாய் சுழன்று, எடை நெருங்கும்போது மெதுவாகி, கடைசியில் மணி மணியாகச் சொட்டி நிற்கும். அரை நிமிஷம்கூட ஆகாது.

முதல் மிஷின் செப்டம்பர் கடைசியில் வந்தது. அண்ணா ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டார். மிஷின் அளந்ததைத் தன் தராசில் மறுபடி போட்டு, இரண்டு எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். ஒரு நாளைக்கு முப்பது அளவை. நாலாம் நாள் தீர்ப்பு வந்தது.

“வேகம் கீது, நிதானம் இல்ல. எடை மேலயும் கீழயுமா ஆடுது. பத்துக்கு ஒரு தபா கடைசில சோம்பேறி மாதிரி கொட்டிடுது. அது மட்டும் இல்ல. சாயந்திரம் குடுவய கவுத்தா அடில நாலு மணி ஒட்டிக்கினு கீது. நாளைக்கு வேற மருந்து போட்டா அந்த நாலும் இதுல சேரும். கடைசி மணி வரைக்கும் காலியாவணும் வித்யாம்மா. அதான் மொதல் பரீட்சை.”

அது திரும்பிப் போயிற்று. அதனுடன் வந்த சரிபார்க்கும் எடைக்கல்லும் அதனுடனே போயிற்று. அடுத்த இரண்டு மிஷின்களுக்கும் எடைக்கல் இல்லை, தொலைந்துவிட்டது என்று விற்பனையாளர் சொன்னார். மின் தராசைத் தினமும் காலையில் ஒரு எடைக்கல்லை வைத்துச் சரி செய்ய வேண்டும். இதுதான் பத்து கிராம் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். ராஜாராமன் சார் காஞ்சிபுரத்திலிருந்து முத்திரை போட்ட பத்து கிராம் பித்தளை எடைக்கல் ஒன்றை வாங்கி வந்தார். மேலே சிறிய குமிழ், அதன் கழுத்தில் ஒரு பள்ளம், பஞ்சு வைத்த மரப்பெட்டி. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அது வந்தது. இரண்டாவது மிஷினும் அதே நாளில்.

எங்கள் கழகத்தில் ஆயுத பூஜையை விடுவதில்லை. மருந்து அறைக்குள் மட்டும் கற்பூரமோ ஊதுபத்தியோ போகாது. அது ஆல்பர்ட் அண்ணாவின் சட்டம். கேட்டருகே கற்பூரம் காட்டிவிட்டு, சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு நான் உள்ளே போவேன். அன்றைக்கும் அவர் கதவருகே நின்று பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

“என் தராசுக் கிட்ட போவாத. கண்ணாடியோட வுட்டுடு. மிசினுக்கு முதுகுல வெச்சிடு. தட்டுல பட்டுதுன்னு வெச்சிக்க, அப்புறம் சந்தனத்துக்கும் சேத்து எடை காட்டும்.”

“வேதக்காரர் பூஜைக்கு இத்தனை ரூல் போடறீங்களே அண்ணா.”

“ரூலு சாமிக்கு இல்லம்மா. மருந்துக்கு.”

பொரிப் பொட்டலத்தோடு அவர் இலக்குப் பலகைகளைப் பார்க்கப் போய்விட்டார். நான் மிஷினின் முதுகில் வைத்தேன், அலமாரிக்கு வைத்தேன், மரக்கட்டைகளுக்கு வைத்தேன். புதிதாக வந்த சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். எனவே புதிய எடைக்கல்லையும் பெட்டியிலிருந்து எடுத்து, குமிழுக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்தேன். விடுமுறை முடிந்து திறந்த நாள் காலையில், ராஜாராமன் சாரிடம் சாவி வாங்கி, அண்ணா வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் துணியால் துடைத்தேன். எடைக்கல்லையும் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது என்று நினைத்தேன்.

இரண்டாவது மிஷின் நிதானமானது. குடுவையைக் கவிழ்த்தால் ஒரு மணி தங்கவில்லை. மூன்று நாள் அண்ணா அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மிஷின் நாற்பது என்று காட்டியதை அவருடைய தராசு நாற்பது புள்ளி இரண்டு என்றது. ஒரு தடவை அல்ல, முப்பது தடவையும்.

கிரெய்ன் என்பது மிகச் சின்ன அளவு. ஒரு கிராமில் பதினைந்துக்கும் மேல் இருக்கிறது. அதில் பத்தில் இரண்டு பங்கு யாருக்கு என்ன என்று நான் கேட்டேன்.

“முந்நூறு மீட்டர்ல சுடறவனுக்கு அது தெரியும்மா” என்றார்.

காரணம் தேடத் தொடங்கினார். மின்விசிறியை நிறுத்தினார். மேசையின் கால்களுக்கு அடியில் அட்டை வைத்து மட்டம் பார்த்தார். பக்கத்து நிலத்தில் மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் போடும்போது விளக்கு மங்கும். அதனால் இருக்கும் என்று அலுவலகத்து யுபிஎஸ்ஸைக் கழற்றிக்கொண்டு போனார். என் கணினி இரண்டு நாள் தூங்கியது. என் கைபேசியை வாங்கி வெளியே புங்க மரத்தடியில் வைத்தார். வித்தியாசம் அப்படியே இருந்தது. நாற்பது, நாற்பது புள்ளி இரண்டு.

நவம்பரில் மூன்றாவது மிஷின் வந்தது. அதைப் பத்து கிராம் கல்லால் சரிசெய்து, முதல் அளவையைத் தன் தராசில் போட்டார். நாற்பது புள்ளி இரண்டு.

நான் அப்போது கதவருகே பதிவேட்டோடு நின்றிருந்தேன். அவர் இடுக்கியால் எடைக்கல்லையே எடுத்துத் தன் தராசில் வைத்தார். கணக்குப் பார்த்தார். அதையும் தராசு கூட்டித்தான் காட்டியது.

“ரெண்டு மிசினும் ஒண்ணு சொல்லுது. முத்திர போட்ட கல்லும் அதையேதான் சொல்லுது” என்றார். “நான்தான் வேற சொல்றேன்.”

“தராசு எப்பவாவது அடிபட்டிருக்கும் அண்ணா.”

“எப்ப? வந்த நாள்லேர்ந்து அது அந்தக் கண்ணாடிக்குள்ளதான் கீது. அடிபட்டுதுன்னா வர்றதுக்கு முன்னாடியே பட்டிருக்கணும். அப்ப எட்டு வருஷமா நான் நாப்பதுன்னு போட்டது நாப்பது இல்ல.”

அன்றிலிருந்து அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பழைய பதிவேடுகளைக் கேட்டார். எட்டு வருஷத்தில் எத்தனை தோட்டா என்று கூட்டச் சொன்னார். கூட்டிச் சொன்னேன், ஒரு லட்சத்துக்கு மேல். கேட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றார், திரும்பி வந்தார், மறுபடி போனார். சாப்பாட்டு டப்பாவை இரண்டு நாள் திறக்காமலே எடுத்துப்போனார்.

அவர் தராசைத் தன் சொத்துப் போலப் பார்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. சின்ன வயதில் அம்மாவோடு அறுப்புக் களத்துக்குப் போவாராம். கூலி நெல் அளக்கிறவர் மரக்காலைச் சற்றே சாய்த்துப் பிடித்து அளப்பாராம். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை, அந்த நாட்களில்தான் சொன்னார். “அவன் தெரிஞ்சி சாய்ச்சான். நான் தெரியாம சாய்ச்சிட்டேன். வாங்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான” என்றார்.

அந்தச் சனிக்கிழமை நிஷா பயிற்சிக்கு வந்தாள். ராஜகுளத்துப் பெண், வங்கியில் வேலை. போன வருஷம் மாநிலப் போட்டியில் ஒரே ஒரு புள்ளியில் பதக்கம் போயிற்று.

“அங்கிள், என்னோட தோட்டா ரெடியா? இந்த தபா மிஷின் தோட்டாவாமே. கை மணம் இருக்காதே” என்று கிண்டல் செய்தாள்.

“போன வருஷம் உன் குண்டு எங்க போய் விழுந்துது? கீழயா, சைடுலயா?”

“என்ன அங்கிள் திடீர்னு? கீழதான். கடைசி ரெண்டும் கீழ எறங்கிடுச்சு.”

“மருந்து கம்மியா இருந்தா கீழதான் எறங்கும்.”

“ஐயோ, மருந்து இல்ல அங்கிள். எனக்குக் கை நடுங்குச்சு. பின்னாடி எங்கம்மா சத்தமா ஜெபம் பண்ணிக்கினு இருந்தாங்க. யாருக்குத்தான் நடுங்காது?”

நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு நோட்டின் ஓரத்தில் ஏதோ எழுதினார். போட்டித் தேதியும், அவள் பெயரும், ‘கீழே இரண்டு’ என்பதும் இருந்ததைப் பிறகு பார்த்தேன்.

திங்கட்கிழமை ராஜாராமன் சார் அறிக்கை கேட்டார். அண்ணா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“ரெண்டாவது நல்ல மிசினு சார். மூணாவதும் நல்லதுதான், வேகம் ஜாஸ்தி. ஆனா இப்ப எழுதிக் குடுக்க முடியாது. என் தராசு சந்தேகமா கீது.”

“ஒரு மாசமா இதையேதான் சொல்றீங்க. முதல்ல மிஷின் சரியில்லை. அப்புறம் கரண்ட் சரியில்லை. இப்ப தராசு சரியில்லை.” சார் கண்ணாடியைக் கழற்றினார். “ஆல்பர்ட், மிஷின் வந்துட்டா உங்களுக்கு வேலை இல்லாமப் போயிடும்னு பயப்படறீங்களா? மனசுல இருக்கறதைச் சொல்லிடுங்க.”

“மிசின நான்தான சார் கேட்டேன்.”

“அதான் எனக்கும் புரியலை.”

அண்ணாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “புதன்கெழம வரைக்கும் டைம் குடுங்க சார்” என்று மட்டும் அவர் சொன்னது கேட்டது.

செவ்வாய் முழுக்க மழை. அவர் ஒரு தோட்டாகூட நிரப்பவில்லை. தராசின் தட்டைக் கழற்றி மாட்டினார், கழற்றி மாட்டினார். புதன்கிழமை மதியம் சட்டைப் பையில் மூன்று காசுகளைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். மூன்றையும் தன் தராசில் நிறுத்து, எடையைக் கிராமுக்கு மாற்றி, ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தார்.

“எங்க அண்ணா?”

“பஜாருக்கு. என்னிய நிறுத்துப் பாக்க.”

மாலை ஆறே காலுக்குப் போன் செய்தார். பின்னால் பேருந்து ஹாரன் கேட்டது. குரலில் ஒரு மாதமாக இல்லாத ஒரு துள்ளல் இருந்தது.

“வித்யாம்மா, நகக்கட தராசுல போட்டுட்டேன். மூணு காசும் ஒத்துப்போச்சு. புள்ளி வித்தியாசம் இல்ல. என் தராசு சரிதான்!”

“அப்ப மிஷின் ரெண்டும் தப்பா?”

“ரெண்டு மிசினு, ரெண்டு கம்பெனி. எப்படி ஒரே மாதிரி தப்பா இருக்கும்? ரெண்டுத்துக்கும் சொல்லிக்குடுத்த வாத்தியாரு ஒண்ணு கீறாரு இல்ல...” சற்று நிறுத்தினார். “ஏம்மா, பூஜ அன்னிக்கு இன்னான்னாத்துக்குப் பொட்டு வெச்ச?”

“நீங்க சொன்ன மாதிரிதான் அண்ணா. தட்டுல வைக்கல. தராசத் தொடல. மத்த எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்குமா?” என்று கேட்டு, சத்தமாகச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. “சரி வுடு, வுடு. காலைல பாத்துக்கலாம். மிசின ஆன்லயே வுட்டுட்டு வந்துக்கீறேன், தராசு சூடா இருக்கணும். யாருனா ஆஃப் பண்ணிடப் போறாங்க. சொல்லிடு.”

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

வெள்ளிக்கிழமை மதியம் காவாந்தண்டலத்தில் அடக்கம் நடந்தது. மழை விட்டிருந்தது. பாதிரியார் ஜெபிக்கும்போது நிஷா என் பக்கத்தில் நின்றாள். “அன்னைக்கு ஏன் அதைக் கேட்டாரு அக்கா?” என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாள் அக்காவைப் பார்க்கப் போனேன். அண்ணாவின் சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்தார்.

“டப்பாவ எடுத்துக்கினேன். இந்த நோட்டு ஆபீசுதாம்மா. புதங்கெழம ராத்திரி சாப்புட்டுட்டு இதுல ஸ்கேல் வெச்சி கோடு போட்டுக்கினு இருந்தாரு. இன்னா இவ்ளோ குஷின்னு கேட்டேன். ‘அந்தப் பொண்ணு கல்லுக்கும் பொட்டு வெச்சிக்கீது’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. எந்தக் கல்லு?”

நான் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பேருந்தில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தேன்.

மருந்து அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம் இருந்தது, இன்னொன்று ராஜாராமன் சாரிடம். திங்கட்கிழமை காலை சாரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். மூன்றாவது மிஷினின் சிவப்பு எண்கள் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. குடுவை காலியாக இருந்தது. அண்ணா ஒரு நாளும் மருந்தை அதில் விட்டுவிட்டுப் போனதில்லை. பெட்டியைத் திறந்து எடைக்கல்லை இடுக்கியால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். பித்தளையின் நிறமும் காய்ந்த சந்தனத்தின் நிறமும் ஒன்று. குமிழின் கழுத்துப் பள்ளத்தில், மோதிரம் போட்டதுபோல், சுற்றிலும் காய்ந்து இறுகியிருந்தது. தேடினால்தான் தெரியும். புரை விழுந்த கண்ணுக்கு எப்படித் தெரியும்?

“என்ன அது?” என்றார் சார்.

“சந்தனம் சார். நான்தான் வச்சேன்.”

அவர் அதை வாங்கிப் பார்த்தார். தலைமையாசிரியர் என்பதால் விளக்க வேண்டியிருக்கவில்லை. கல் கூடுதல் கனமாக இருந்து, அதையே பத்து கிராம் என்று மிஷினுக்குச் சொன்னால், மிஷின் எல்லாவற்றையும் அந்த விகிதத்தில் கூட்டித்தான் கொட்டும். உதட்டசைவில் கணக்குப் போட்டார்.

“நாற்பதுக்குப் புள்ளி ரெண்டு வேணும்னா, கல்லுல அம்பது மில்லிகிராம் ஒட்டியிருக்கணும்” என்றார். “வாங்க, போய்ப் பார்த்துடலாம்.”

அதே நகைக்கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு ஆல்பர்ட் அண்ணாவை நன்றாக நினைவிருந்தது.

“காசு எடுத்துக்கினு வந்தாரே, அவரா? ‘இன்னா நைனா, காச உருக்கி மூக்குத்தி செய்யப் போறியா’ன்னு கேட்டேன். காதுலயே போட்டுக்கல. ஃபேன நிறுத்துன்னு அதட்டறாரு. கடைல நாலு பேரு வேர்த்துக்கினு நிக்கறாங்க, இவரு காசயே முறைச்சிப் பாக்கறாரு. சரியா இருக்குன்னதும் என் கையப் புடிச்சிக் குலுக்கினாரு பாருங்க, இன்னும் வலிக்குது. வரலயா அவரு?”

சார் சொன்னார். கடைக்காரர் எழுந்து நின்றார். நாங்கள் கேட்பதற்கு முன்னால் மின்விசிறியை நிறுத்தினார்.

எடைக்கல்லை அப்படியே வைத்தோம். பத்து புள்ளி பூச்சியம் ஐந்து. பிறகு கடைக்காரர் நகை கழுவுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அதைப் போட்டு, மெல்லிய தூரிகையால் கழுத்தைச் சுற்றித் தேய்த்தார். தண்ணீர் லேசாகக் கலங்கியது. துடைத்து, விளக்கடியில் காயவைத்து, மறுபடி வைத்தார். பத்து புள்ளி பூச்சியம் பூச்சியம்.

திரும்பும் வழியில் ராஜாராமன் சார் காரை ஓரமாக நிறுத்தினார்.  ஏரி நிரம்பி மதகில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, “நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றார். நான் என் பங்கைச் சொல்ல வாயெடுத்தேன். “நீங்க பொட்டு வச்சீங்க. நான் கேள்வி கேட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்று மாலை செயற்குழுப் பதிவேட்டில் அவரே எழுதினார்: ‘ஆல்பர்ட் அவர்களின் தராசில் பிழை இல்லை. எட்டு ஆண்டுகளில் அவர் நிரப்பிய தோட்டாக்களின் அளவு சரியானது. பிழை எடைக்கல்லில் இருந்தது. அதை அவரே கண்டுபிடித்தார்.’ கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பக்கத்தை நகலெடுத்து மார்த்தாள் அக்காவிடம் கொண்டுபோய், நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை படித்துக் காட்டினேன். நிஷாவுக்கும் அனுப்பினேன். “எனக்குத்தான் கை நடுங்குச்சுன்னு அப்பவே சொன்னேனே அக்கா” என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “அவருக்குத் தெரியுமா?” என்று இன்னொன்று.

தெரியும். புதன்கிழமை மாலை ஆறே காலிலிருந்து அவருக்குத் தெரியும். நாளெல்லாம் நான் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் சிரித்ததும் என் காதில் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு மாதம், அவர் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்த நடை, திறக்காமல் போன சாப்பாட்டு டப்பா, ஒரு லட்சத்துக்கு மேல் என்று நான் கூட்டிச் சொன்ன கணக்கு, இவற்றை எந்தத் தூரிகையால் தேய்ப்பது என்று தெரியவில்லை.

புதிய ஆளுக்கு உரிமம் வர நாலைந்து மாதம் ஆகும் என்கிறார்கள். போட்டிக்கு உறுப்பினர்கள் கடைத் தோட்டாவையே வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டாவது மிஷினை விற்பனையாளர் எடுத்துப்போய்விட்டார். மூன்றாவதைப் பற்றிச் செயற்குழு இன்னும் முடிவு செய்யவில்லை. அதன் மின்சாரத்தை ராஜாராமன் சார்தான் நிறுத்தினார். கழுவிய எடைக்கல் பஞ்சுப் பெட்டியில் இருக்கிறது.

நோட்டின் பதினேழாம் பக்கத்தில் அண்ணா வியாழக்கிழமைத் தேதியைப் போட்டிருக்கிறார். தலைப்பில் ‘மூன்றாவது மிஷின் – கல்லைக் கழுவிய பின்’ என்று எழுதி அடிக்கோடு இழுத்திருக்கிறார். கீழே ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டு, மிஷினுக்கு ஒரு பத்தி, தராசுக்கு ஒரு பத்தி என்று கோடு கிழித்திருக்கிறார். முப்பது வரியும் வெறுமையாக இருக்கின்றன.